மஞ்சள் மாத்திரை

1859-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு நடந்தது. கூண்டில் நின்றவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற டாக்டர். அவருக்கு ஏற்கெனவே கலியாணம் ஆகியிருந்தது. மனைவி அவரைவிட வயதில் மிகவும் மூத்தவள். இருவரும் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது அங்கே இஸபெல்லா பேங்க்ஸ் என்ற பெண் வந்து சேர்ந்தாள். கையில் கொஞ்சம் சொத்து உள்ளவள். டாக்டருக்கு மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மனைவியை விடுதியிலேயே விட்டுவிட்டு, இஸபெல்லாவைச் சர்ச்சில் வைத்து மறுபடியும் மணந்துகொண்டு, ரிச்மண்டில் போய்க் குடித்தனம் வைத்தார்.

சில மாதங்களில் இஸபெல்லாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. மே மாதம் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, வக்கீலை வரவழைத்து உயில் எழுதியாயிற்று. சொத்து டாக்டருக்கு. மூன்றாம் தேதி அவள் இறந்து போனாள்.

இதற்குமேல் என்ன வேண்டும்? இரண்டு கலியாணம், உயில், ஓயாத பேதி. போலீஸார் கதையை முடித்துவிட்டார்கள். ஆல்பிரட் ஸ்வெயின் டெய்லர் என்ற பெரிய விஷ நிபுணர் மாதிரிகளைச் சோதித்து, ஆர்சனிக் இருக்கிறது என்று சொன்னார். பிறகு அவரே, தாம் சோதனைக்குப் பயன்படுத்திய செப்பு வலையிலேயே ஆர்சனிக் கலந்திருந்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அப்படியும் ஜூரிகள் அசையவில்லை. தூக்குத் தண்டனை! டாக்டர்கள் பலர் கூச்சல் போட்ட பிறகு, உள்துறை மந்திரி பெஞ்சமின் பிராடி என்ற மூத்த சர்ஜனின் அபிப்பிராயத்தைக் கேட்டார். குற்றம் நிச்சயமாக நிரூபணமாகவில்லை என்று அவர் சொன்னதன் மேல் மன்னிப்புக் கிடைத்தது. இரண்டாம் கலியாணம் செய்துகொண்ட குற்றத்துக்கு மட்டும் ஒரு வருஷம் சிறை. வெளியே வந்த பிற்பாடு, மனுஷர் உயிலுக்காக வழக்காடிச் சொத்தையும் வாங்கிக்கொண்டார். அவருடைய குணத்தைப்பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவேண்டாம்.

இஸபெல்லாவின் குடலைப் பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ். பெருங்குடல் நெடுக ரணம், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வீக்கம் என்று அவர் அதே வருஷம் ஒரு வைத்தியப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பெருங்குடல் ரணம் என்ற நோய் வைத்திய சரித்திரத்தில் தனியாகத் தலை காட்டியது அந்தக் கடிதத்தில்தான் என்று இன்று சொல்கிறார்கள். விஷம் வெளியிலிருந்து வந்தது என்று நாடே நம்பியது. அவளுடைய உடம்பே அவளுக்கு எதிராகக் கிளம்பியிருக்கலாம் என்று நினைக்க அன்று யாருக்கும் வழியில்லை.

இந்த வழக்கை நான் எந்தத் துப்பறியும் நாவலிலும் படிக்கவில்லை. ஒரு மாத்திரையின் சரித்திரத்தைத் தேடிக்கொண்டு போன இடத்தில் அகப்பட்டது. எனக்கு வைத்தியம் தெரியாது. கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்ததோடு சரி. ஆனால் என் சிநேகிதர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், அந்த மாத்திரையை வருஷக்கணக்காக விழுங்கி வருகிறார். அவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நான் இதில் மாட்டிக்கொண்டேன். கேள்வியைப் பிறகு சொல்கிறேன்.

நோயை முதலில் சொல்லிவிட வேண்டும். பெருங்குடலின் உட்புறத் தோல் வீங்கிப் புண்ணாகிறது. இரத்தமும் சளியும் கலந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை போகிறது. பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்குகிறது. சில மாதம் அடங்கியிருக்கும். காரணம் சொல்லாமல் மறுபடியும் கிளம்பும். இதற்கு ஒரு பங்காளி நோயும் உண்டு. அது வாய் முதல் ஆசனம் வரையில் எங்கே வேண்டுமானாலும் வரும். 1932-ல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற மூவர் அதைப்பற்றி எழுதினார்கள். ஆங்கில அகர வரிசையில் குரோன் முன்னால் வந்ததால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மற்ற இருவருக்கும் பெற்றோர் வைத்த பெயரினால் வந்த நஷ்டம்! நம் நாட்டில் சீதபேதியும் குடல் க்ஷயமும் இதே வேஷத்தில் வருவதால், எது எது என்று கண்டுபிடிப்பதற்குள் டாக்டர்களுக்கே போதும் போதும் என்றாகிவிடும். டிராயிங் மாஸ்டருக்கு மூன்று வருஷம் சீதபேதி மருந்துதான் நடந்தது.

பழைய நாளில் இதற்குக் கொடுத்த சிகிச்சைகளைப் படித்தால் நோயே தேவலை என்று தோன்றும். சுண்ணாம்புத் தூள், அபின், வெள்ளி நைட்ரேட் கரைத்த எனிமா. குடல்வாலை வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தைத்து, அந்தத் துவாரம் வழியாகப் பெருங்குடலைக் கழுவினார்கள். 1930-க்குப் பிறகு வேறொரு கோஷ்டி கிளம்பிற்று. இது மனத்தில் உண்டாகும் நோய் என்றார்கள். தாயாரோடு என்ன சண்டை, மணவாழ்க்கையில் என்ன குறை என்று நோயாளியைக் குடைந்தார்கள். பேதியாகிக்கொண்டிருக்கிறவனிடம் அவனுடைய அம்மாவைப்பற்றி விசாரிப்பது எனக்கு அவ்வளவு தர்மமாகப் படவில்லை.

இந்த நிலையில்தான் கதை ஸ்டாக்ஹோமுக்குப் போகிறது. அங்கே நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற அம்மையார் இருந்தார். 1890-ல் பிறந்தவர். காரோலின்ஸ்கா வைத்தியக் கல்லூரியில் 1911-ல் சேர்ந்து படித்து, அதே கல்லூரியில் 1937-ல் வைத்தியப் பேராசிரியர் ஆனார். ஸ்வீடன் தேசத்து அரசாங்கக் கல்வி நிலையங்களில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். அவருடைய வாழ்க்கை ஒரு நாவலுக்கு ஆகும். ருஷ்யப் புரட்சிக்காரி அலெக்ஸாண்டிரா கொலன்டாய் ஸ்டாக்ஹோமில் சோவியத் தூதராக இருந்தபோது இவர்தான் அவருக்கு டாக்டர், சிநேகிதியும்கூட. 1945-ல் புடாபெஸ்டில் ருஷ்யர்கள் கொண்டு போன ரவுல் வாலன்பர்க், 1961-ல் மாஸ்கோவில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார் என்று ருஷ்ய டாக்டர் ஒருவர் வாய்தவறிச் சொன்னதாக உலகத்துக்கு அறிவித்தவரும் இவரே. அந்த ருஷ்யர் பின்னால், அப்படி நான் சொல்லவேயில்லை என்று மறுத்தார். அது போகட்டும். நமக்கு வேண்டியது மாத்திரை.

ஸ்வார்ட்ஸ் அம்மையாரின் கவலையெல்லாம் மூட்டுவாதத்தைப் பற்றியது. விரல் கணுக்கள் வீங்கிக் கோணிப்போகும் கொடிய வாதம். அது ஏதோ ஒரு கிருமியால் வருகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அம்மையாரும் நம்பினார். அப்போது கிருமிகளுக்கு ஒரு புது எமன் பிறந்திருந்தான். ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்பவர் பிரான்டோஸில் என்ற சிவப்புச் சாயத்துக்குக் கிருமிகளை அடக்கும் சக்தி இருக்கிறது என்று 1935-ல் வெளியிட்டார். அதே வருஷம் பாரிஸில் பாஸ்டர் நிலையத்தார், அந்தச் சாயம் உடம்புக்குள் இரண்டாக உடைகிறது, வேலை செய்வது உள்ளேயிருக்கும் சல்பா துண்டுதான், சிவப்பு வெறும் மேல்சட்டை என்று கண்டார்கள். 1938-ல் இங்கிலாந்தில் சல்பாபிரிடின் வந்தது. நிமோனியாவில் பிழைக்கமாட்டார்கள் என்று கைவிட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அம்மையார் கணக்குப் போட்டார். மூட்டு வலிக்குச் சாலிசிலேட் என்ற சரக்கு நூற்றாண்டுப் பழக்கம். நம் வீட்டு ஆஸ்பிரின் அந்த வம்சம். கிருமிக்குச் சல்பாபிரிடின். இரண்டையும் ஒரே மூலக்கூறாகக் கட்டிவிட்டால், வலியும் போகும், கிருமியும் போகும். ஸ்வீடனின் பார்மசியா என்ற மருந்துக் கம்பெனி ரசாயன வேலையைச் செய்தது. பிரான்டோஸில் சாயத்தில் இருந்த அதே மாதிரி முடிச்சு ஒன்றைப் போட்டு இரண்டு துண்டுகளையும் இணைத்தார்கள். அந்த முடிச்சுக்கு அசோ என்று பெயர். சாலிசில், அசோ, பிரிடின் மூன்றையும் ஒட்டி 'சாலசோபைரின்' என்று மாத்திரைக்குப் பெயர் வைத்தார்கள். சாயத்துக்கு உறவு அல்லவா? மஞ்சளாக இருந்தது. பொதுப் பெயர் சல்பாசாலசின்.

1942-ல் அம்மையாரின் கட்டுரை வெளிவந்தது. மூட்டுவாதத்துக்கு என்று புறப்பட்ட மருந்து. ஆனால் அந்தக் கட்டுரையிலேயே பெருங்குடல் ரண நோயாளிகள் தேறிய செய்தி பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே முடிந்ததும் பிள்ளையார்தான். வேறு கோயில் பிள்ளையார்!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. மூட்டுக்கு மருந்து கொடுத்த டாக்டரிடம் வயிறு தேறிய கதை ஏன் போய்ச் சேர்ந்தது? அம்மையார் குடல் நோயிலும் தேர்ந்தவர் என்பது ஒரு காரணம். வந்த விடையை அலட்சியம் செய்யாதது அதைவிடப் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. தாம் கேட்காத கேள்விக்கு விடை வந்தால் ஓரமாக ஒதுக்கித் தள்ளுவதுதான் நிபுணர்களின் வழக்கம். 1948-ல் அம்மையார் 124 பெருங்குடல் ரண நோயாளிகளின் சிகிச்சையை விவரித்து எழுதினார். சல்பா ஒத்துக்கொள்ளாமல் மேலெல்லாம் தடித்தவர்களுக்குத் துளித் துளியாகக் கொடுத்துப் பழக்கிய முறையும் அதில் உண்டு. அந்த வருஷத்திலிருந்தே ஐந்தாம் குஸ்தாவ் மன்னர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தை அவர் நடத்தினார். அங்கேயும் தேடியது மூட்டுவாதத்தின் காரணத்தைத்தான்.

இதற்குள் மூட்டுக்காரர்கள் இந்த மாத்திரையைக் கைவிட்டுவிட்டார்கள். 1940-களின் கடைசியில் எடின்பரோவில் கொடுத்துப் பார்த்து, விசேஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். அதோடு முப்பது வருஷம் அந்தக் கதவு சாத்திக் கிடந்தது. மேலும், மூட்டுக்கு அப்போது ஒரு மந்திரக்கோல் கிடைத்திருந்தது. அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியில் ஹென்ச் என்பவர் 1948 செப்டம்பரில் ஒரு பெண்ணுக்கு முதல் முதலாகக் கார்டிஸோன் ஊசி போட, படுத்த படுக்கையாக இருந்தவள் சில நாளில் எழுந்து நடந்தாள். 1950-ல் நோபல் பரிசே வந்துவிட்டது.

கார்டிஸோனைக் குடலுக்கும் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆக்ஸ்போர்டில் டுருலவ், விட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் நினைத்தார்கள். 210 நோயாளிகள். சீட்டுக் குலுக்கின மாதிரி பிரித்து, 109 பேருக்குக் கார்டிஸோன். 101 பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வெறும் மாத்திரைக்காரர்களில் 16 பேருக்கு. 1955-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் வைத்தியர்கள் கைராசியை விட்டுக் கணக்கைப் பிடித்துக்கொண்டது அன்றுதான். அந்த 101 பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது உண்டு. இரத்தம் போய்க்கொண்டே இருக்க, இன்றைக்கு மருந்து பிடிக்கும், நாளைக்குப் பிடிக்கும் என்று வெறும் மாத்திரையை நம்பியிருந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கார்டிஸோன் தீயை அணைத்தது. ஆனால் மறுபடி பற்றாமல் காக்கவில்லை. முகம் வீங்குவது, எலும்பு நொறுங்குவது என்று அதற்கு வட்டியும் வாங்கியது. காவல் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஸ்வார்ட்ஸ் அம்மையாரின் மஞ்சள் மாத்திரை அந்த உத்தியோகத்தில் அமர்ந்தது. 1965-ல் லண்டனில் மிஸிவிச், லெனார்ட்-ஜோன்ஸ் முதலியவர்கள், நோய் அடங்கியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் கவனித்தார்கள். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் சுகமாக இருந்தார்கள். வெறும் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது.

நம் டிராயிங் மாஸ்டர் இந்தப் பரீட்சையைத் தாமாகவே, யார் சொல்லியும் கேட்காமல், தம்மேல் நடத்திப் பார்த்தார். முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறமாக வந்ததைக் கண்டு, இரத்தம் என்று அலறியடித்துக்கொண்டு ஓடினார். அது மாத்திரையின் சாயம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் பயம் தெளிந்து, உடம்பும் தேறி, எட்டு மாதம் ஆனதும், "நன்றாக இருக்கிறவனுக்கு மருந்து எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். சரியாகப் பள்ளிக்கூடப் பரீட்சை சமயத்தில் மறுபடியும் படுத்தார். இப்போது காலையில் இரண்டு, இரவு இரண்டு என்று சந்தியாவந்தனம் மாதிரி நடக்கிறது. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஏன் ஐயா, இது எனக்கு என்னதான் செய்கிறது?"

நியாயமான கேள்வி. வேடிக்கை என்னவென்றால், முப்பது வருஷம் இந்த மாத்திரையைக் கொடுத்துவந்த டாக்டர்களுக்கும் பதில் தெரியாது. உள்ளே இரண்டு துண்டு இருக்கிறதே, எது வேலை செய்கிறது? கிருமியைக் கொல்லும் சல்பாதான் என்று பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1972-ல் அமெரிக்காவில் பெப்பர்கார்ன், கோல்ட்மன் என்ற இருவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண எலிக்கு மருந்தைக் கொடுத்தால் முடிச்சு அவிழ்ந்து இரண்டு துண்டாகிறது. பிறந்ததிலிருந்து கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்குக் கொடுத்தால் முடிச்சு அவிழவில்லை. அதாவது, பெருங்குடலில் குடியிருக்கும் கிருமிகள்தாம் முடிச்சை அவிழ்க்கின்றன! கிருமிகளைக் கொல்ல வேண்டும் என்று அம்மையார் கட்டி அனுப்பிய மூட்டையை, அந்தக் கிருமிகளே பிரித்து உள்ளே இருந்ததை வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டன. அடுத்த வருஷம் எடின்பரோவில் தாஸ் முதலியோர், குமட்டல், தலைவலி போன்ற உபத்திரவங்கள் இரத்தத்தில் சல்பாபிரிடின் ஏற ஏற அதிகமாகின்றன என்று காட்டினார்கள்.

கடைசித் திரையை விலக்கியது ஆக்ஸ்போர்டு. டுருலவிடம் வேலை செய்ய வங்காளத்திலிருந்து ஆசாத் கான் என்ற இளம் டாக்டர் வந்திருந்தார். பின்னாளில் வங்காளதேச நீரிழிவுச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். அவருடைய யோசனை மிகவும் எளிமையானது. வாயால் கொடுத்தால்தானே எங்கே என்ன ஆகிறது என்ற குழப்பம்? எனிமாவாக நேரே பெருங்குடலுக்குக் கொடுத்துவிடு. சில பேருக்கு முழு மருந்து, சில பேருக்குச் சல்பா துண்டு மட்டும், சில பேருக்குச் சாலிசிலேட் துண்டு மட்டும். இரண்டு வாரம். முழு மருந்தும் சாலிசிலேட் துண்டும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் வேலை செய்தன. சல்பா பின்தங்கியது. 1977-ல் 'லான்செட்' பத்திரிகையில் இது வந்தது.

ஆக, குணம் சாலிசிலேட்டில். சல்பா வெறும் கட்டைவண்டி. சரக்கைச் சிறுகுடல் வழியில் உறிஞ்சிவிடாமல் பெருங்குடல் வரையில் ஏற்றிக்கொண்டு போனது. உபத்திரவம் பெரும்பாலும் வண்டியினால் வந்தது. குழந்தை இல்லையே என்று ஏங்கிய சில கணவன்மார்களுக்கு அந்தக் குறை இந்த மாத்திரையால் ஏற்பட்டதென்றும், நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும்கூட அந்தச் சமயத்தில்தான் தெரியவந்தது. அதற்கு முன்னால் எத்தனை வீடுகளில் மருமகளைக் குறை சொன்னார்களோ!

வண்டியைக் கழற்றிவிட்டுச் சரக்கை மட்டும் அனுப்ப எல்லோரும் முனைந்தார்கள். வேல்ஸில் கார்டிப் நகர டாக்டர்கள், குடலின் கடைக்கோடியில் மட்டும் கரையும் ஒரு பூச்சை மேலே பூசி 1982-ல் வெற்றி கண்டார்கள். மெசலசின் என்று இன்று எழுதித் தருவது இந்தச் சரக்குத்தான். பிறகு வந்தவை பெரிய மருந்துகள். எலியன் அம்மையாரும் ஹிச்சிங்ஸும் கண்ட அசதயோப்பிரின், 1998-ல் குரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்பிளிக்ஸிமாப் என்ற ஊசி, அதன் தம்பி தங்கைகள். உடம்பின் காவற்படையையே அடக்குகிறவை. சக்தியும் அதிகம், விலையும் அதிகம். ஆனாலும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பழைய மஞ்சள் மாத்திரை இடத்தை விடாமல் உட்கார்ந்திருக்கிறது.

இத்தனையும் டிராயிங் மாஸ்டருக்குச் சொன்னேன். அவர் மாத்திரையைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் இதில் பாதி எனக்கு வீண்தானே?" என்றார்.

வீண் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் மூட்டுக்காரர்களின் கதை பாக்கி இருக்கிறது. 1970-களின் கடைசியில் பர்மிங்ஹாமில் மெக்கான்கி என்ற டாக்டர், முப்பது வருஷமாகச் சாத்திக் கிடந்த கதவைத் தள்ளினார். கைவிட்ட மாத்திரையை மூட்டுவாதக்காரர்களுக்கு மறுபடியும் கொடுத்தார். மெதுவாக, மாதக்கணக்கில், வீக்கம் வடிந்தது. இன்று அந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. சரி, அங்கே எந்தத் துண்டு வேலை செய்கிறது? கிளாஸ்கோவில் சில நோயாளிகளுக்கு ஒரு துண்டும், மற்றவர்களுக்கு மற்றத் துண்டுமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1985-ல் முடிவு வந்தது. மூட்டில் வேலை செய்தது சல்பா. குடலுக்கு வெறும் வண்டியாக இருந்த அதே சல்பாபிரிடின்!

நன்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார் அப்போது உயிரோடு இருந்தார். அடுத்த வருஷம், தம் 95-ம் வயதில், காலமானார்.